படத்தின் இடது மூலை

1

போன வாரம், மஸ்கட்டில் நான் வேலை பார்க்கும் தொலைக்காட்சிக் கடைக்கு ஓமானிப் பெரியவர் ஒருவர் வந்தார். சுவரில் ஐம்பது அங்குல பிளாஸ்மா டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதன் முன் நின்றவர், கைத்தடியை நீட்டி, படத்தின் மூலையில் ஏதோ நிழல் விழுகிறது என்றார்.

தினமும் நாலு பேர் இப்படி ஏதாவது சொல்வார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்வது என் வேலை. ஆனால் அன்று உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள் என்று என் அரைகுறை அரபியில் சொன்னேன். என்ன சொன்னேனோ, பெரியவர் ஓர் அடி பின்வாங்கினார். உடன் வேலை பார்க்கும் சூடானியர் ஓடிவந்து திருத்தினார். நான் அவரைக் கண்ணைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

பெரியவர் வலக்கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு இடக்கண்ணை. நிழல் அங்கேயே இருக்கிறது என்றார். நான் போய் வாசல் கண்ணாடிக் கதவின் திரைச்சீலையை இழுத்து மூடினேன். நிழல் போய்விட்டது. வெளியே நின்ற லாரியின் பிம்பம்தான் திரையில் விழுந்திருக்கிறது. பிளாஸ்மாவின் முகம் கண்ணாடி. எதிரில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிழலுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது என்று சூடானியர் கேட்டார். அதை முழுசாகச் சொல்ல என்னிடம் அரபி இல்லை. தமிழில் சொல்லிவிடுகிறேன்.

2

மூன்று வருடங்களுக்கு முன், மகள் நிலோஃபரின் மஸ்கட் பள்ளிக்கு ஜூன் மாதம் கோடை விடுமுறை விட்டு ஊருக்குப் போனபோது, நாற்பத்திரண்டு அங்குல பிளாஸ்மா ஒன்றைக் கூடவே கொண்டுபோனேன். பெற்றோர் போய்ச் சேர்ந்தபின் எனக்குத் தாம்பரம் என்றால் ஃபரீதா அக்காவின் வீடுதான். முடிச்சூர் சாலையில் மாடிவீடு. அக்காவின் கணவர் காஜா மச்சான் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். முடிச்சூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பதினாறு பேரைக் காலையில் தாம்பரத்துப் பள்ளியில் விட்டு, சாயங்காலம் வீடு சேர்ப்பார்.

விமான நிலையத்தில் பெட்டியைப் பார்த்துச் சுமை தூக்குபவர், "உள்ள இன்னா சார்?" என்றார்.

"பிளாஸ்மா."

"ரத்தத்துல கீதுன்வாங்களே, அதுவா? ஐஸ் வெக்காம எடுத்தாந்துட்டீங்களே சார்?" என்று பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுங்க வரிசை. நீளம் ஓரிடத்தில், அகலம் ஓரிடத்தில், எதற்காகக் கொண்டுவருகிறேன் என்று இன்னோரிடத்தில் எழுதினேன். 'அக்காவுக்காக' என்று எழுதியதை அடித்துவிட்டு 'சொந்த உபயோகம்' என்று எழுதச் சொன்னார்கள். அக்காவும் சொந்தம்தானே என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

மாடிக்கு ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. மச்சான் சுவரை விரலால் தட்டித் தட்டி, கனமான இடமாகப் பார்த்துக் குறித்துக் கொடுத்தார். மாட்டி முடித்து, கேபிள் ஒயரைச் சொருகி, தெருவே கூடி நிற்கப் போட்டேன்.

மானம் போயிற்று. பழைய சின்ன டிவியில் பளிச்சென்று இருந்த அதே கேபிள், பெரிய திரையில் சாக்கு வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. சின்னக் கண்ணாடியில் தெரியாத அழுக்கு பெரிய கண்ணாடியில் தெரியும் என்பதுதான் விஷயம். போதாததற்கு, அகலத்திரைக்காக இழுத்ததில் தொடரில் வந்த மாமியார் மருமகள் எல்லாரும் உப்பிப்போய்விட்டார்கள்.

படத்தை அதன் இயல்பான அளவுக்குக் கொண்டுவந்தேன். ஆட்கள் மெலிந்தார்கள், ஆனால் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நின்றது. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"இவ்ளோ பெரிய டிவி வாங்கிட்டு ரெண்டு பக்கமும் சும்மா போட்டு வெப்பாங்களா? முழுசா வெய்டா. குண்டா இருந்தா இருந்துட்டுப் போறாங்க."

நான் கொண்டுபோயிருந்த டிவிடியைப் போட்டபிறகுதான் மானம் திரும்பியது. கடலுக்கடியில் எடுத்த படம். கறுப்பு என்றால் கிணற்றுக் கறுப்பு. அதற்குள்ளிருந்து ஒரு மஞ்சள் மீன் வந்தபோது அறையே "ஆ" என்றது. நிலோஃபர், "மாமா, நோக்கு, நோக்கு!" என்று மச்சானின் கையைப் பிடித்து இழுத்தாள். மஸ்கட் பள்ளியில் அவளுடைய சிநேகிதிகளெல்லாம் மலையாளிகள்; சந்தோஷம் வந்தால் அவளுக்குத் தமிழ் நழுவிவிடும்.

"நோக்குன்னா இன்னா கண்ணு?" என்றார் மச்சான்.

"பாருங்கன்னு அர்த்தம்," என்றேன் வெட்கத்துடன்.

"அப்ப சரி. நோக்கறேன்," என்றவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இன்னா ஜமாலு, படத்துல கொசு பறக்குது?" என்றார்.

3

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. ஆனாலும் விளக்கம் கையில் இருந்தது. படத்தைச் சுருக்கிப் பதிவு செய்யும்போது உருவங்களின் விளிம்பில் புள்ளிகள் துள்ளும். எங்கள் தொழிலில் அதற்குக் கொசு என்றே பெயர் உண்டு. மச்சானிடம் அதைப் பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். "ஓஹோ," என்று கேட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, "ஓரத்துல மின்னல் மாரி வெட்டுதே?" என்றார். மின்சாரம் ஏறி இறங்குகிறது என்றேன்.

அடுத்த வாரம், "இடது பக்கம் கீழ கறுப்பா கீது," என்றார்.

"அது பட்டை மச்சான். ரெண்டு பக்கமும்தான் இருக்கும்."

அக்கா ரிமோட்டை வாங்கிப் படத்தை முழுசாக விரித்துவிட்டாள். பட்டை போயிற்று.

"இப்பவும் கீது," என்றார் மச்சான். பிறகு, நல்லெண்ணத்தோடுதான், "வாங்கறப்ப போட்டுப் பாத்து வாங்கலியா?" என்றார்.

இதே தொழிலில் அப்போது எனக்குப் பதினோரு வருடம். ஓமானில் பெரிய வீடுகளிலெல்லாம் நான் மாட்டிய திரைகள் இருக்கின்றன. அத்தனை தூரம் சுமந்துகொண்டு வந்து, தன் வீட்டுச் சுவரில் மாட்டிக் கொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? அன்று சாயங்காலம் மாடி வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி ஷமீமாவிடம், மச்சானுக்குப் பொறாமை என்று சொன்னேன். நினைத்தாலே நாக்கு கூசுகிறது.

"அவருக்கு என்ன பொறாமை? கண்ணுக்குத் தெரியறதைச் சொல்றாரு," என்றாள் அவள்.

நான் கேட்டிருக்க வேண்டிய பேச்சு. கேட்கவில்லை. டிவியில் குறையில்லை என்று நிரூபிக்க வேண்டும் என்பதிலேயே என் புத்தி நின்றது.

4

கடையில் திரைகளைச் சோதிக்க ஒரு வட்டு வைத்திருப்போம். முழுத்திரையும் ஒரே வெள்ளை. பிறகு ஒரே சிவப்பு, ஒரே பச்சை, ஒரே நீலம். ஒரு புள்ளி செத்திருந்தாலும் அதில் காட்டிக்கொடுத்துவிடும். அதன் நகல் ஒன்று என் பெட்டியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் மச்சானை எதிரே உட்காரவைத்து வெள்ளையைப் போட்டேன். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

கறையில்லாத வெள்ளை. கூடமே வெளுத்துப்போயிற்று.

"இப்ப சொல்லுங்க, எங்க கறுப்பு?"

"தோ," என்று இடது கீழ் மூலையைக் காட்டினார்.

நிலோஃபர் ஓடிப்போய் அங்கே விரலை வைத்தாள். அவளுக்கு அப்பாவின் டிவி ஜெயிக்க வேண்டும். "இங்கயா மாமா?"

"அங்கதான்... இரு, உன் கை எங்க?" மச்சான் தலையைக் கொஞ்சம் திருப்பினார். "இப்ப தெரியுது. கறுப்பு தள்ளிப் போச்சு."

"எங்க போச்சு?"

"டிவிக்கு வெளிய."

நிலோஃபர் விரலைத் திரையிலிருந்து எடுத்து, சுவரின் மேல் நகர்த்திக்கொண்டே போனாள். "இங்க இருக்கா? சுவர்ல?"

"ஆமா," என்றார் மச்சான்.

"ஜன்னல்ல?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். கையைத் தூக்கி வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். அப்படியே திரையை, சுவரை, என்னை, நிலோஃபரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் விவரிக்க முடியாது. மாடிப்படியில் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தவனுக்கு இன்னொரு படி இருந்தால் ஒரு கணம் முகம் எப்படிப் போகும், அப்படி.

"டிவியில ஒண்ணுமில்ல ஜமாலு," என்றார் மெதுவாக. "நல்ல டிவிதான்."

நிலோஃபர் என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஜெயித்துவிட்டோம் என்று. நான் டிவியை அணைத்தேன்.

5

"உங்கக்காகிட்ட சொல்லாத," என்பதுதான் மச்சான் அடுத்துச் சொன்னது. "ரெண்டு கண்ணு கீது. ஒண்ணு நல்லாத்தான் கீது. லீவு வரட்டும், காட்டிக்கலாம். வேன் நின்னா வூடு நின்னுடும்."

"நாளைக்கே போகலாம் மச்சான்."

"நாளிக்கு திங்கக்கெழம. புள்ளிங்களுக்கு ஸ்கூலு."

மறுநாள் காலை அவருக்கு முன்பே கீழே இறங்கினேன். வேனின் ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்துகொண்டு, இடது பக்கம், பிள்ளைகள் ஏறும் கதவோரம் நிலோஃபரை நிற்கவைத்துக் கையை ஆட்டச் சொன்னேன். நேரே வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் கை ஓரக்கண்ணில் தெரிந்தது. அவளை மாடிக்கு அனுப்பிவிட்டு மச்சானுக்காகக் காத்திருந்தேன்.

அவர் வந்து ஏறி, சாவியைத் திருகினார். நான் மகள் நின்ற இடத்தில் போய் நின்றேன்.

"மச்சான், கேட்டையே பாருங்க. என் கை தெரியுதா?"

"ஆட்டு, சொல்றேன்."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நேரே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆட்டுடா ஜமாலு."

"ஆட்டிக்கிட்டுதான் இருக்கேன் மச்சான்."

அவர் திரும்பவில்லை. என்ஜினை அணைத்தார். "யூகேஜி பாப்பா ஒண்ணு கீது. அது அங்கதான் நிக்கும்," என்றார். செல்போனை எடுத்து, கூட வேன் ஓட்டும் செல்வம் அண்ணனைக் கூப்பிட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளச் சொன்னார். சாவியை என் கையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய், அக்காவிடம் அவரே சொன்னார்.

அக்கா அழவில்லை, சண்டை பிடித்தாள். "கண்ணு போற விஷயத்தை டிவி வந்து சொல்லணுமா? பொண்டாட்டின்னு ஒருத்தி எதுக்கு இருக்கேன் இந்த வூட்டுல?" சொல்லிக்கொண்டே புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூவரும் தாம்பரத்தில் ரயிலேறிப் பட்டணத்துக் கண் மருத்துவமனைக்குப் போனோம். பதிவுச் சீட்டில் தொழில் என்ற இடம் வந்ததும் மச்சான் என் கையைப் பிடித்து, "வியாபாரம்னு போடு," என்றார். லைசென்ஸில் கைவைப்பார்களோ என்று பயம். அக்கா பேனாவைப் பிடுங்கி, டிரைவர் என்று பெரிதாக எழுதினாள்.

மருந்து விட்டுக் காத்திருந்து, வெளிச்சம் அடித்துப் பார்த்து முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. பார்த்தவர் இளவயது டாக்டரம்மா.

"கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒரு திரை இருக்கு. அதுல கிழிசல் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமா உரிஞ்சுகிட்டே வருது. கொசு பறந்ததும் மின்னல் வெட்டினதும் இதனாலதான். நடுவுல இருக்கற முக்கியமான இடம் வரைக்கும் இன்னும் வரல. வந்துட்டா பழைய பார்வை கிடைக்கிறது கஷ்டம். நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்."

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா?" என்று நான் கேட்டேன்.

"விடல இல்ல? அதை நினைங்க," என்றார்.

நான் அதை நினைக்கவில்லை. பட்டை, மின்சாரம், கொசு என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நாட்களைத்தான் வழிநெடுக எண்ணினேன்.

6

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விட்டிருந்தார்கள். அது சரியான இடத்தில் அழுத்தி நிற்க, மச்சான் பத்து நாள் குப்புறவே கிடக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் கொஞ்சம் எழுந்திருக்கலாம், அப்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். மெத்தையைக் கூடத்தில், பிளாஸ்மாவுக்குக் கீழேயே போட்டோம். தெருவிலேயே பெரிய டிவி அவர் தலைக்கு மேலே ஓட, அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

என் விடுப்பு முடிந்துவிட்டது. மஸ்கட்டுக்கு எழுதி நீட்டிக்கக் கேட்டேன். மச்சான் என்றால் தமிழில் ஒரே சொல்; ஆங்கிலத்தில் 'சட்டப்படி சகோதரன்' என்று எழுதவேண்டியிருந்தது. சட்டப்படி சகோதரனுக்கு விடுப்பு விதிகளில் இடமில்லை என்று பதில் வந்தது. சகோதரன் என்றே மறுபடி எழுதினேன். கிடைத்தது. அது பொய் என்று நான் நினைக்கவில்லை.

படம் பார்க்க முடியாத மச்சானுக்கு நிலோஃபர் படம் சொன்னாள். அவளாக ஆரம்பித்ததுதான். தரையில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, திரையைப் பார்த்துப் பார்த்து ஒப்பிப்பாள்.

"இப்ப ஒரு ஆன்ட்டி அழறாங்க மாமா."

"எதுக்கு?"

"தெரியல. புடவை நல்லா இருக்கு. பச்சை. இல்ல, மயில் கழுத்து கலர்." அந்தக் கலருக்கு அக்கா உள்ளேயிருந்து பெயர் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

ஒருநாள், "மாமா, ஹீரோ அந்த அக்காவைக் கட்டிக்கிட்டான்!" என்றாள்.

"அதுக்குள்ளயா? இப்பதான பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கினாங்க? யார் வந்து முடிச்சு வெச்சாங்க?"

"யாரும் வரல மாமா. பஸ் ஸ்டாண்ட்லயே."

"எல்லாரும் பாக்கவா?"

"இப்படித்தான் மாமா," என்று அவள் குனிந்து அவர் முதுகைக் கட்டிப்பிடித்தாள். மச்சான் சிரித்த சிரிப்பில் தலை தூக்கிவிடுவாரோ என்று அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள்.

வந்த மூன்றாம் நாளே "வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்று கேட்ட பெண் அவள். அந்தப் பத்து நாளில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

வேன் பிள்ளைகளின் தாய்மார்களும் வந்து பார்த்தார்கள். இத்தனை நாள் கறுப்பு தெரிந்தும் ஓட்டினதை மச்சான் ஒருவரிடமும் மறைக்கவில்லை. பலரும் ஆறுதல் சொல்லிப் போனார்கள். யூகேஜி பாப்பாவின் அம்மா மட்டும் நின்றபடியே கேட்டார்: "என் பொண்ணு அந்தப் பக்கம்தானே ஏறுவா? ஏதாவது ஆயிருந்தா?"

மச்சான் தலையைத் தூக்க முடியாது. தரையைப் பார்த்தபடியே, "தப்புதாம்மா. டிவிலதான் கீதுன்னு நெனச்சிட்டேன்," என்றார்.

அந்த அம்மா படியிறங்கிப் போய்விட்டார். மகளை வேறு வேனில் சேர்த்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அவர்மேல் எங்களில் யாருக்கும் வருத்தமில்லை.

7

நாங்கள் மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மச்சானை உட்கார அனுமதித்தார்கள். குமிழி கண்ணுக்குள் தண்ணீர்மட்டம்போல ஆடுகிறது என்றார். அது கரையக் கரைய, மேலேயிருந்து பார்வை திறக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அதன்பின் எல்லாம் தொலைபேசியில்தான். ஒரு வாரம் ஜன்னல் கம்பி தெரிந்தது. அடுத்த வாரம் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி. பிறகு காலண்டரில் பெரிய எழுத்து. ஒவ்வொன்றையும் அக்கா பிள்ளைத்தாய்ச்சியின் மாசக் கணக்கு மாதிரி சொல்லுவாள். இடக்கண் முன்போல அத்தனை கூர்மையாக வரவில்லை. ஆனால் கறுப்பு போய்விட்டது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் அளந்து பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஐந்து மாதம் ஆயிற்று. செல்வம் அண்ணன் அதுவரை அந்தப் பிள்ளைகளை ஏற்றியிறக்கிவிட்டு, சொன்ன அன்றே திருப்பி ஒப்படைத்தார்.

மச்சான் மறுபடி வேன் எடுத்த நாள் எனக்குத் தெரியும். அன்று காலை கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஷட்டருக்கு வெளியே போனைப் பார்த்தபடி நின்றிருந்தேன். மஸ்கட் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சூடானியர் டீ வாங்கி வந்து, ஏன் திறக்கவில்லை என்று கேட்டார். கொஞ்சம் பொறு என்றேன்.

போன் அடித்தது. பின்னணியில் பள்ளிக்கூட வாசல் இரைச்சல்.

"ஜமாலு, பதினஞ்சு பேரும் எறங்கிட்டாங்க," என்றார் மச்சான். "நின்னு எண்ணிட்டேன். உள்ள போய்க்கினு கீறாங்க."

"டீ குடிச்சீங்களா மச்சான்?"

"தோ, இப்பதான் சொல்லிக்கீறேன்."

சரி என்று போனை வைத்துவிட்டு, குனிந்து பூட்டைத் திறந்தேன்.